திருவனந்தபுரம் ஸ்டாச்சு, பாளையம் பகுதியின் பழைய கட்டிடங்களும் நம் குமரி மாவட்டமும்

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தையும் பாளையத்தையும் சுற்றி நிற்கும் பழைய கட்டிடங்களை யார் கட்டினார்கள், அவை வெள்ளைக்காரர் கட்டியவையா அரசர் கட்டியவையா, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அவற்றுக்கும் ஏதேனும் உறவு உண்டா, ஒரே நாளில் அவற்றைப் பார்த்துவிட முடியுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து கல்லூரி மாணவரான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தேர்வுக்கும் மருத்துவமனைக்கும் ரயிலுக்குமாக நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி போய்வரும் நகரம் அது. அவசரத்தில் கடந்துபோகிற அந்த ஒரு கிலோமீட்டர் சாலையில் நம்முடைய வரலாறு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் சென்னையைப் போலவோ கல்கத்தாவைப் போலவோ ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட நகரம் அன்று. அது திருவிதாங்கூர் அரசின் தலைநகரம். ஆனால் 1795இலும் 1805இலும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் கம்பெனிக்குப் பணம் செலுத்தியது. இரண்டாவது உடன்படிக்கைக்குப் பிறகு அந்தத் தொகை எட்டு லட்சம் ரூபாய். ரெசிடென்ட் என்ற ஆங்கில அதிகாரி ஒருவர் அரசருக்குப் பக்கத்திலேயே இருந்து நிர்வாகத்தைக் கவனித்துவந்தார். ஆகவே இந்தக் கட்டிடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் கொடுத்தது திருவிதாங்கூர்க் கருவூலம். வரைபடம் போட்டவர் பல நேரங்களில் ஆங்கிலப் பொறியாளர். கட்டச் சொல்லித் தூண்டியவர் சில நேரம் அரசர், சில நேரம் அவருடைய முதலமைச்சரான திவான், சில நேரம் ரெசிடென்ட். அந்தக் கருவூலத்துக்குத் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு தாலுகாக்களின் நிலவரியும் உப்பள வருமானமும் போய்க்கொண்டிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவற்றை அயலூர்க் கட்டிடங்கள் என்று ஒதுக்கிவிட மனம் வராது. அதற்கு முன்பு தலைநகரமே நம் பத்மநாபபுரத்தில்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் காலத்தில் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. தக்கலைக்குப் பக்கத்தில் நம் மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்துவருவது அந்தப் பழைய தொடர்பின் மிச்சம்.

இந்தப் பகுதியின் கதையை 1809இலிருந்து தொடங்குவதுதான் முறை என்று நான் கருதுகிறேன். கல்குளம் தாலுகா தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய், கம்பெனியின் பணக் கோரிக்கையையும் ரெசிடென்ட் மெக்காலேயின் தலையீட்டையும் எதிர்த்து 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விடுத்துப் போரைத் தொடங்கினார். அடுத்த மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து, நாகர்கோவில் வழியாக உதயகிரிக் கோட்டையையும் பத்மநாபபுரத்தையும் கைப்பற்றிக்கொண்டு திருவனந்தபுரத்தை நெருங்கியது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர்நீத்தார். திருவிதாங்கூரின் பழைய படை பெரிதும் கலைக்கப்பட்டது. அதன்பின் தலைநகரில் படைவீரர்கள் தங்கிய பாசறைப் பகுதியே பாளையம். வேலுத்தம்பியின் சிலை இப்போது தலைமைச் செயலக வளாகத்தில் நிற்கிறது. அங்கே போனால் முதலில் அதைத் தேடிப் பாருங்கள் தம்பி.

சாலைக்கு மறுபுறம், செயலகத்தை நோக்கி நிற்கும் இன்னொரு சிலைதான் அந்தச் சந்திப்புக்கு ஸ்டாச்சு என்ற பெயரைக் கொடுத்தது. அது திவான் சர் டி. மாதவராவின் சிலை. கும்பகோணத்தில் 1828இல் ஒரு மராத்தியக் குடும்பத்தில் பிறந்த மாதவராவ், 1857 இறுதியில் திவான் பொறுப்பை ஏற்று 1872 வரை திருவிதாங்கூரை நிர்வகித்தார். அவர் பொறுப்பேற்றபோது கருவூலம் காலியாகக் கிடந்தது. நிர்வாகம் சரியில்லை, திருத்தாவிட்டால் நாட்டையே எடுத்துக்கொள்வோம் என்ற பொருள்பட டல்ஹௌசி காலத்தில் சென்னை அரசு எச்சரித்திருந்தது. மாதவராவ் அரசின் வணிக ஏகபோகங்களை நீக்கினார், கடனை அடைத்தார், சாலையும் கால்வாயும் பள்ளியும் கட்டினார். நம் பக்கத்தில் குளச்சல், மண்டைக்காடு வரை வந்து தூர்ந்துபோய்க் கிடக்கிற ஏ.வி.எம். கால்வாய் 1860இல் அவர் காலத்தில் தொடங்கப்பட்டதுதான். கன்னியாகுமரி வரை கொண்டுபோவதாக இருந்த அந்த நீர்வழி பாதியிலேயே நின்றுபோனது.

இதே திவானின் காலத்தில்தான், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்து நம் மாவட்டத்தை உலுக்கிய தோள்சீலைப் போராட்டத்தின் கடைசிக் கட்டமும் நடந்தது. 1858-59இல் நாகர்கோவில், நெய்யூர்ப் பகுதிகளில் பெண்களின் ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன; வீடுகளும் பள்ளிகளும் சிறு தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகே 1859 ஜூலை 26இல் அரச அறிக்கை வந்தது. அந்த அறிக்கையிலும் நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. மாதவராவின் நிர்வாகத் திறமையை மதிக்கும்போதே இதையும் மறவாமல் சொல்ல வேண்டும். நம் பாட்டிகளின் உடையைப் பற்றிய முடிவு நம் ஊர்த் தெருவில் போராடியவர்களால் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே எழுதப்பட்ட கடிதங்களால் முடித்துவைக்கப்பட்டது.

இனி செயலகக் கட்டிடம். இதன் பழைய பெயர் ஹஜூர் கச்சேரி. திவானின் அலுவலகமும் அதைச் சேர்ந்த துறைகளும் முன்பு கொல்லத்தில் இருந்து, சுவாதித் திருநாள் காலத்தில் தலைநகருக்கு வந்தவை. துறைகள் பெருகியபோது எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர மாதவராவ் விரும்பினார். ஆயில்யம் திருநாள் மகாராஜா 1865இல் அடிக்கல் நாட்ட, 1869இல் கட்டிடம் நிறைவடைந்தது. வரைந்து கட்டியவர் திருவிதாங்கூரின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டன். உயர்ந்த தூண்கள், நடுவே முக்கோண முகப்பு, வெள்ளைச் சுவர், உள்ளே தர்பார் மண்டபம் என்று ஐரோப்பியப் பாணியில் எழுந்த இந்தக் கட்டிடம், கோட்டைக்குள்ளே கோயிலையும் அரண்மனையையும் சுற்றியே இயங்கிவந்த அதிகாரத்தைக் கோட்டைக்கு வெளியே, பாளையத்தின் பக்கமாக நகர்த்தியது. கட்டிடக்கலையை விட இந்த இடமாற்றத்தையே நான் முக்கியமானதாக நினைக்கிறேன். கோட்டைக்குள் எல்லாச் சாதியாரும் தாராளமாக நடமாட முடியாத காலம் அது. அரசாங்கம் கோயில் மதிலைவிட்டு விலகி ஒரு பொதுச்சாலையின் ஓரத்தில் வந்து அமர்ந்தது சிறிய செய்தி அன்று.

இடப்புறமும் வலப்புறமும் நீளும் பகுதிகளில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவையும் உண்டு. பழைய நடுப்பகுதியை அடையாளம் காண்பது கடினமில்லை. தூண்களும் முகப்பும் காட்டிக்கொடுத்துவிடும். பேச்சிப்பாறை அணைக்கான கோப்புகளும் இங்கிருந்துதான் நகர்ந்தன. மூலம் திருநாள் காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்த அணையைப் பொறியாளர் மிஞ்சின் கட்டினார். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இன்றும் தண்ணீர் தருகிற அந்த ஓர் ஏற்பாட்டுக்காகவேனும் இந்த அலுவலகத்துக்கு நாம் நன்றி சொல்லலாம்.

இந்திய சமஸ்தானங்களிலேயே முதலாவதான சட்டசபை 1888இல் இதே கட்டிடத்தில், திவானின் அறையில், எட்டு உறுப்பினர்களோடு கூடியது. அதன் வளர்ச்சியில் வந்த இரு அவைகளுக்காக வளாகத்துக்குள்ளேயே தனி மண்டபம் கட்டப்பட்டு 1939இல் திறக்கப்பட்டது. பழைய சட்டமன்றம் என்று இப்போது அழைக்கப்படும் அந்த மண்டபத்தைப் பற்றி நம் மாவட்டத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மார்ஷல் நேசமணியின் தலைமையில் வளர்ந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் உறுப்பினர்கள், தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று வாதாடியது இங்கேதான். 1953இல் அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டபோது திருவிதாங்கூர்–கொச்சியின் ஏ. ஜே. ஜான் அமைச்சரவையே கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு, பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, ஆகஸ்ட் 11ஆம் நாள் உங்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அடுத்த ஏப்ரலில் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அரசின் காலத்தில் கேரளத்தின் முதல் சட்டமன்றம் அந்த மண்டபத்தில் கூடியபோது நம் தொகுதிகளிலிருந்து அங்கே யாரும் இல்லை. 1998இல் சட்டமன்றம் பாளையத்துக்கு அப்பால் உள்ள புதிய கட்டிடத்துக்குப் போய்விட்டது; பழைய மண்டபம் செயலக வளாகத்திலேயே நிற்கிறது.

செயலகத்தைத் தாண்டிப் பாளையத்தை நோக்கி நடந்தால் பல்கலைக்கழகக் கல்லூரி வரும். நம் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் உள்ள உறவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே வித்து நம்மிடமிருந்து போனது. லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் தொடங்கிய செமினரி, பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அந்நாளில் நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திவந்தவர் ஜான் ராபர்ட்ஸ். அவருடைய பணியை அறிந்த சுவாதித் திருநாள் 1834இல் அவரைத் தலைநகருக்கு வரவழைத்து ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கச் செய்தார். இரண்டாண்டுக்குப் பின் அரசே அதை ஏற்று, ராஜாவின் இலவசப் பள்ளி என்று நடத்தியது. அந்தப் பள்ளி 1866இல் கல்லூரியாக உயர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இப்போதுள்ள பழைய கட்டிடம் 1873இல் எழுந்தது. மகாராஜா கல்லூரி என்ற பெயரில் நீண்ட காலம் இயங்கியது. திருவிதாங்கூரின் உயர்கல்வி முழுவதற்கும் தாயான நிறுவனத்தின் முதல் ஆசிரியர் நாகர்கோவிலிலிருந்து போனவர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. நம் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் பலரிடமும் வற்புறுத்தி வருகிறேன்.

இந்தக் கல்லூரியின் வகுப்பறைகளில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. நாம் பள்ளிக்கூட வாசலில் நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து, அவர் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பேராசிரியர் ஆவதற்கு முன்பு அவர் அரசுப் பணியில் பிறவகைச் சிரஸ்தார் என்ற வருவாய்த் துறை அதிகாரியாகவும் இருந்தார். திருவிதாங்கூரின் பழைய மன்னர்களது காலத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்தவர்களில் அவர் முன்னோடி. தம் ஆசிரியர் ராபர்ட் ஹார்வியின் நினைவாகப் பேரூர்க்கடையில் தம் வீட்டுக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். தமிழுக்கு மாநிலப் பாடலைத் தந்தவர் பாடம் சொன்ன இடம் இது என்று எண்ணிக்கொண்டு அந்த வாசலை ஒருமுறை பாருங்கள்.

கல்லூரிக்கு எதிரே நிற்பது விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். மக்கள் வி.ஜே.டி. ஹால் என்றே சொல்வார்கள். 1887இல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா கொண்டாடப்பட்டதன் நினைவாகக் கட்டப்பட்டு 1896இல் திறக்கப்பட்டது. கட்டிடம் பெரிதல்ல. ஆனால் 1904இல் மூலம் திருநாள் தொடங்கிய பிரஜாசபை, அதாவது தாலுகாக்களிலிருந்து வந்த பிரதிநிதிகள் தங்கள் குறைகளை திவானின் முன் நேரில் எடுத்துரைக்கும் சபை, முதன்முதலில் கூடியது இங்கே. கல்குளத்திலிருந்தும் தோவாளையிலிருந்தும் வந்தவர்கள் குளம், மடை, வரி, சாலை என்று தங்கள் ஊர்ச் சங்கதிகளைப் பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. சட்டம் செய்யும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை, பேசத்தான் முடியும். ஆயினும் பேச்சு பதிவானது.

அந்தச் சபைக்கு 1911 இறுதியில் நியமிக்கப்பட்ட புலையர் சமூகத் தலைவர் அய்யங்காளி, 1912இல் தம் மக்களுக்கு நிலமும் பள்ளியில் இடமும் கேட்டுப் பேசினார். பொதுச்சாலையில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்து, வில்வண்டியில் ஏறி அதே சாலையில் போய்க் காட்டியவர் அவர். மகாராணியின் ஜூபிலிக்காக எழுந்த மண்டபத்துக்கு 2019இல் கேரள அரசு அய்யங்காளி மண்டபம் என்று பெயர் சூட்டியது. இவ்வளவு பொருத்தமான பெயர்மாற்றத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த இடத்தில் நடந்தவற்றுள் பெரியது எதுவோ அதன் பெயரை அந்த இடம் பெற்றிருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் பாளையம் சந்திப்பு. பள்ளிவாசல், பேராலயம், கணபதி கோயில் மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி அருகருகே நிற்பதைக் கேரளத்தார் பெருமையோடு காட்டுவார்கள். அதற்கான காரணம் அந்த இடம் படைவீரர்களின் குடியிருப்பாக இருந்ததுதான். வெவ்வேறு ஊர்களிலிருந்தும் மதங்களிலிருந்தும் வந்த சிப்பாய்கள் தங்கிய இடத்தில் அவரவர் வழிபாட்டுக்கு இடம் தேவைப்பட்டது. 1813இல் ஆங்கிலப் படையைச் சேர்ந்த முஸ்லிம் சிப்பாய்கள் தொழுத சிறிய பள்ளி, பட்டாளப் பள்ளி என்று வழங்கப்பட்டது. இன்றுள்ள ஜும்மா மசூதிக் கட்டிடம் 1960களில் எழுந்தது. கணபதி கோயிலும் படையோடு தொடர்புடையதே. புனித வளனார் பேராலயம் 1873இல் தொடங்கப்பட்டு, கோத்திக் பாணிக் கோபுரமும் நீண்ட நடுக்கூடமும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேர்ந்து இப்போதைய வடிவம் பெற்றது.

அந்தப் பேராலயத்தோடு நம் மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு இன்றும் நேரடி உறவு உண்டு. 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலானவை அதில் அடங்கின. ஆனால் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்கள் மட்டும் இப்போதும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1956இல் மாநில எல்லை மாறியபோதும் அவர்களுடைய ஆயரின் இருக்கை மாறவில்லை. பழைய விளவங்கோடு வட்டத்தின் ஆழ்கடல் மீனவர்களுக்குப் பாளையத்துப் பேராலயம் இன்றும் தாய்க்கோயில். மொழியை வைத்து வரைந்த எல்லைக்கோடு எல்லா உறவுகளையும் வெட்டிவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிவாசலை அடுத்து உள்ள பாளையம் சந்தைக்குக் கன்னிமாரா சந்தை என்றும் பெயர். 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர் அது. சென்னை எழும்பூரிலுள்ள பெரிய நூலகத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே. பழைய நுழைவாயில்தான் பார்க்க வேண்டியது.

பாளையத்தை அடுத்துப் பொது நூலகம் இருக்கிறது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றான இது 1829இல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கியது. அப்போதைய ரெசிடென்ட் எட்வர்ட் கடோகன் நூலகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். முதலில் ஐரோப்பியர்களுக்கும் அரண்மனையைச் சார்ந்தவர்களுக்கும் பயன்பட்ட நூலகம், 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கூர்முனை வளைவுகளோடு கூடிய இப்போதைய கட்டிடம், விக்டோரியாவின் வைரவிழா நினைவாக 1900ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது.

நூலகம், ஆங்கிலப் பள்ளி, வானாய்வுக் கூடம் மூன்றையும் தந்த சுவாதித் திருநாளைக் கலையும் அறிவும் வளர்த்த அரசர் என்று போற்றுவது நியாயமே. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரைக் கைது செய்து இதே தலைநகருக்குக் கொண்டுவந்து 1838-39இல் சிறையில் வைத்ததும் அவருடைய அரசுதான். உழைக்கும் மக்கள்மீது சுமத்தப்பட்ட வரிகளையும் ஊழியங்களையும் எதிர்த்து, அரசரைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயரை வெண்ணீசன் என்றும் வைகுண்டர் ஒரே மூச்சில் கண்டித்தார். தலைநகரில் வானத்து நட்சத்திரங்களை அளக்கக் கருவிகள் வந்து இறங்கிய அதே காலத்தில், தென் திருவிதாங்கூரில் வைகுண்டர் சொன்னபடி எளிய மக்கள் தலைப்பாகை கட்டியது ஒரு பெரிய குற்றமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆட்சி நமக்கு முழுமையாகத் தெரியும்.

பாளையத்திலிருந்து அருங்காட்சியகம் செல்லும் வழியில் எல்.எம்.எஸ். வளாகம் வரும். லண்டன் மிஷன் சங்கத்தின் திருவிதாங்கூர்ப் பணி நம் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியரால் தொடங்கியது. அங்கே 1809இல் முதல் ஆலயம் எழுந்தது. பிறகு நாகர்கோவில், நெய்யூர் வழியாக வடக்கே பரவித் தலைநகருக்குப் போனது. தலைநகரில் நெடுங்காலம் பணியாற்றிய சாமுவேல் மேட்டீரின் நினைவாக அந்த வளாகத்தில் 1906இல் கட்டப்பட்ட கற்கோயில், கருங்கல் வேலைப்பாட்டுக்காகவே பார்க்கத் தக்கது. 1956இல் மாவட்டம் பிரிந்ததைத் தொடர்ந்து 1959இல் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலமும் மொழியை ஒட்டிப் பிரிந்து, குமரிக்குத் தனித் திருமண்டலம் உண்டானது. பக்கத்தில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்த கிறைஸ்ட் சர்ச் என்ற ஆங்கிலிக்கன் ஆலயமும் உண்டு. ஆங்கில அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வழிபட்ட இடம்.

கடைசியாக நேப்பியர் அருங்காட்சியகம். இது சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளியிருந்தாலும் விட்டுவிடக் கூடாது. கட்டிடம் என்ற அளவில் எல்லாவற்றிலும் சிறந்தது இதுவே என்பது என் கருத்து. 1857இல் ஒரு பழைய கட்டிடத்தில் அருங்காட்சியகம் தொடங்கியது. ரெசிடென்ட் கல்லன் திரட்டிய கனிமங்கள் அதற்கு அடிப்படை. பிறகு அதை இடித்துவிட்டு, சென்னை அரசின் கட்டிடக்கலைஞர் ராபர்ட் சிஷோமை அழைத்து இன்றைய கட்டிடத்தை எழுப்பினார்கள். 1880இல் வேலை முடிந்தது. முன்னாள் சென்னை ஆளுநர் நேப்பியரின் பெயர் வைத்தார்கள். கட்டுமானத்தின் பிற்பகுதியில் திவானாக இருந்தவர் தென் திருவிதாங்கூர்க்காரரான நானுப்பிள்ளை. சென்னைக் கடற்கரையில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தையும் கட்டிய அதே சிஷோம், திருவனந்தபுரத்தில் வேறு மாதிரி யோசித்தார். செயலகத்தைப் போல ஐரோப்பியத் தூண்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்தாமல், மழைநாட்டு வீடுகளின் செங்குத்தான ஓட்டுக் கூரையையும் முகப்பு மரவேலையையும் எடுத்துக்கொண்டார். வண்ணம் மாறிமாறி வரும் செங்கல் வரிசைகளையும் கோபுரங்களையும் அதனோடு சேர்த்தார். சுவரிலும் கூரையிலும் காற்றுக்கு வழி விட்டிருப்பதால் வெயில் காலத்திலும் உள்ளே வெப்பம் தெரியாது. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்ற முன்மண்டபத்தில் நின்று அதன் முகப்புப் பலகையைக் கவனித்தவர்களுக்கு இந்தக் கூரையைப் பார்த்தவுடன் பழக்கமான ஒன்றைக் கண்டதுபோல் இருக்கும். உள்ளே உள்ள செப்புத் திருமேனிகளுக்கும் மர, தந்தச் சிற்பங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அருங்காட்சியகத்துக்கு அருகில் ஒரு மேட்டில் 1837இல் நிறுவிய வானாய்வுக் கூடம் உள்ளது. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்து, விருப்பத்தால் வானியல் கற்ற ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1852இல் வந்த ஜான் ஆலன் பிரவுன் புவிகாந்தத்தின் ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். உயரத்தில் அளந்தால் என்ன மாறுகிறது என்று அறிய அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக் குடிலை 1855இல் அமைத்து, காடும் அட்டையும் யானையும் நிறைந்த அந்த மலைக்குக் கருவிகளைச் சுமக்கவைத்துக் கொண்டுபோனார். அருங்காட்சியகத்தைத் தொடக்கத்தில் கவனித்துக்கொண்டவரும் அவர்தான்.

ஒரு நாளில் முடியுமா என்றால், முடியும். நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ காலை ரயிலிலோ பேருந்திலோ போனால் தம்பானூரில் இறங்கி ஸ்டாச்சு வரை நடந்துவிடலாம். அங்கிருந்து செயலகம், பல்கலைக்கழகக் கல்லூரி, அய்யங்காளி மண்டபம், பாளையம் என்று ஒரே நேர்ச்சாலையில் முற்பகலுக்குள் பார்த்து முடிக்கலாம். செயலகத்துக்குள் பார்வையாளராகச் சுற்றிவர இயலாது. வெளியே நின்று பார்ப்பதுதான். வாசலில் எப்போதும் ஏதாவதொரு போராட்டப் பந்தல் இருக்கும், அதனால் மறுபக்க நடைபாதையிலிருந்து பார்ப்பது வசதி. கல்லூரி வளாகத்துக்குள் நுழையக் காவலாளியிடம் அனுமதி கேளுங்கள். பள்ளிவாசலுக்கும் பேராலயத்துக்கும் வழிபாட்டு நேரம் தவிர்த்துச் செல்வது மரியாதை. நூலகத்தையும் எல்.எம்.எஸ். கற்கோயிலையும் மதிய உணவுக்கு முன்போ பின்போ வைத்துக்கொண்டு, பிற்பகல் முழுவதையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்று போக வேண்டாம். முடிந்தால் அதற்கு முந்தைய வாரமே பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள் தம்பி. அதுவும் திங்களன்று விடுமுறைதான். அந்தக் கூரையும் மரவேலையும் கண்ணில் இருக்கும்போதே சிஷோமின் கட்டிடத்தைப் பார்த்தால், எதை நம் மண்ணிலிருந்து எடுத்தார், எதை வெளியிலிருந்து கொண்டுவந்தார் என்பது யாரும் சொல்லாமலே உங்களுக்குப் பிரிந்து தெரியும்.